கோடு தெரியணும்

எங்கள் தெருப் பெயின்டரிடம் அடிபட்ட வண்டியை விட்டவர்கள், அதைத் திரும்ப எடுக்கும்போது ஒரு பரீட்சை எழுதியாக வேண்டும். கேள்வி ஒன்றுதான்.

"எங்க அடிபட்டுச்சுன்னு கண்டுபிடிங்க பாப்போம்."

வண்டி அவர்களுடையது. இடித்ததும் அவர்களேதான். இடது கதவு நசுங்கிய கதையை ஊரெல்லாம் சொல்லி முடித்திருப்பார்கள். இருந்தாலும் கதவின் முன்னால் குந்தி உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, விரலால் தடவி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவார்கள். பழைய பெயின்ட் எங்கே முடிகிறது, புதுசு எங்கே தொடங்குகிறது என்று தெரியவே தெரியாது. பெயின்டர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஒருமுறை ஒருவர், வேலையே செய்யாமல் ஏமாற்றுகிறாயா என்று அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். அன்று முழுக்கப் பெயின்டர் அந்தச் சட்டைக் கசங்கலோடு தெருவில் மேலும் கீழும் நடந்தார். அதைவிடப் பெரிய பாராட்டு அவருக்குக் கிடைத்ததில்லை.

நான் பக்கத்துக் கடை. வண்டிகளுக்குச் சீட்டுக் கவர் தைக்கிறேன். பெயின்டர் என்னை 'சீட்டு' என்றுதான் கூப்பிடுவார். எங்கள் இரண்டு கடைக்கும் நடுவிலுள்ள சுவர் கூரைவரை போகாது. அந்தப் பக்கம் பேசுவதெல்லாம் இந்தப் பக்கம் என் தையல் மெஷின்மேல் வந்து விழும். ஒட்டுக் கேட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம், குற்றம் சுவர் கட்டியவனுடையது.

பட்டறைக்கு மேலே இரண்டே அறை. அங்கேதான் குடித்தனம். பெயின்டரின் மனைவியைத் தெருவே அக்கா என்று கூப்பிடும். வண்டி விட வருகிறவர்களிடம் பேரம் பேசுவது, வெயில் இறங்குவதற்குள் வேலையை முடிக்கச் சொல்லி விரட்டுவது, தின்னர் வாடை ஏறிய சட்டைகளைத் துவைத்துத் துவைத்துக் கை தேய்வது, எல்லாம் அவர்தான். அவருக்கு ஒரே ஒரு ஆசை உண்டு. "ஒரே ஒரு வாட்டி அந்த ஸ்பிரேயை என் கையில குடுங்களேன்" என்பார். "இதென்ன விளையாட்டா?" என்பார் பெயின்டர். கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கேள்வியும் இந்தப் பதிலும்தான்.

இவர்களோடு மச்சானும் இருந்தான். அக்காவின் தம்பி. பெயின்டர் மச்சான் என்று கூப்பிடப்போய், தபால்காரர், பால்காரர், பள்ளிக்கூட வேன் டிரைவர் என்று எல்லோருக்கும் அவன் மச்சானாகிவிட்டான். படிப்பு முடிந்ததும் வேலை கிடைக்கும்வரை தங்கிக்கொள்கிறேன் என்று ஒரு பையோடு வந்தவன். காற்று வரும் முன்னறை அவனுக்குப் போனது. பெயின்டரும் அக்காவும் அடுப்புக்குப் பக்கத்து அறைக்குப் போனார்கள். வேலை கிடைக்கவில்லை. அதனால் தொழில் தொடங்கினான். முட்டையிலிருந்து குஞ்சு பொரிக்கும் பெட்டி வாங்கினான், அதிலிருந்து நாற்றம் மட்டும் பொரிந்தது. அலங்கார மீன் வளர்த்தான், பெரிய மீன் சின்ன மீன்களை எல்லாம் தின்றுவிட்டுத் தனியாகக் கொஞ்ச நாள் வாழ்ந்து செத்தது. ஒரு குறிப்பிட்ட செல்போனுக்கான உறைகளை மூட்டை மூட்டையாக இறக்கினான். அந்தப் போனைச் செய்வதையே கம்பெனி நிறுத்திவிட்டது. எல்லாத் தொழிலின் மிச்சமும் முன்னறையில்தான் இருந்தது.

நடுவில் கொஞ்ச நாள் அவனைப் பட்டறையிலும் போட்டுப் பார்த்தார்கள். ஒரு டாக்டரின் வெள்ளைக் கார். பின்கதவில் சின்ன வேலை. மச்சான் அடித்து முடித்துவிட்டு வெளியே வந்து எல்லோரையும் பார்க்கக் கூப்பிட்டான். பெயின்டர் தெருவுக்கு எதிர்ப்புறம் டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரோடு அங்கேயே நின்றுவிட்டார்.

"கோடு இங்க இருந்தே தெரியுதுடா! ரோட்டைத் தாண்டித் தெரியுதுடா பாவி!"

அன்றோடு மச்சான் ஸ்பிரேயைத் தொடக்கூடாது என்று உத்தரவானது. அவன் சண்டை போடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பட்டறை வழியாகப் போகும்போது சுவரில் மாட்டியிருக்கும் ஸ்பிரேயைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு போவான். எனக்கு அது கஷ்டமாக இருக்கும்.

அடுத்ததாக அவன் கண்டுபிடித்த தொழில்தான் பெயின்ட்பால். ஊருக்கு வெளியே சிநேகிதனுடைய பழைய கிடங்கும் காலியிடமும் கிடந்தன. முகமூடி போட்டுக்கொண்டு இரண்டு கட்சியாகப் பிரிந்து, பெயின்ட் உருண்டையால் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ள வேண்டும். மேலே பெயின்ட் பட்டவன் அவுட்.

"அதுக்குக் காசு குடுப்பாங்களாடா?" என்று அக்கா கேட்டார்.

"கியூவுல நின்னு குடுப்பாங்கக்கா. ஆபீஸ்ல மேனேஜரைச் சுடணும்னு எத்தனை பேருக்கு ஆசை இருக்கு தெரியுமா?"

"சரி. கேட்டுக்கோ. இதான் கடைசி. இதுவும் போச்சுன்னா, இனிமே உனக்காக இவர்கிட்ட நான் வாயைத் திறக்க மாட்டேன். நீ பையைத் தூக்கிட்டு எங்கயாவது போயிடணும்."

சொல்லிவிட்டு அக்கா மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழுதார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் ஊசியில் நூல் கோப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தேன். பெயின்டருக்கு அழுகை வரவில்லை. மச்சான் ஜெயிக்க வேண்டும் என்று மச்சானைவிட அதிகமாக வேண்டிக்கொண்டவர் அவர்தான். கிடங்கிலேயே மச்சான் தங்கிக்கொள்ளலாம். முன்னறை திரும்பி வரும். காலை நீட்டிப் படுக்கலாம்.

துப்பாக்கி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அதைத் தருவிக்க, பதிவுசெய்த மைதானம் இருக்க வேண்டும். மைதானத்தைப் பதிவுசெய்யப் போனால், துப்பாக்கி எங்கே என்று கேட்டார்கள். மச்சான் இரண்டு அலுவலகத்துக்கும் நடுவில் செருப்பு தேய நடந்தான். கடைசியில் ஒரு வழி கிடைத்தது. பதிவுசெய்த பட்டறை என்றால், மராமத்து வேலைக்கென்று துப்பாக்கியை இறக்கிக்கொள்ளலாம். ஆக, துப்பாக்கிகள் பெயின்டர் பெயரில் கப்பலேறின. சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் மச்சான் கையெழுத்துக் கேட்டான், அவர் இடது கையால் போட்டுக் கொடுத்தார்.

சரக்கு வந்த சேதி சுங்க அலுவலகத்திலிருந்து போனில் வந்தது. சந்தோஷமான குரலாக இல்லை.

நானும் கூடப் போனேன். பெயின்டர் துணைக்குக் கூப்பிட்டார். தகர ஷெட்டுக்குள் நீள மேஜை. அதன்மேல் பன்னிரண்டு கறுப்புத் துப்பாக்கிகள் வரிசையாகக் கிடந்தன.  சண்டைக்குப் போகிற சிப்பாய் தோளில் மாட்டுவதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு அதிகாரியம்மா, கையில் கட்டம் போட்ட கண்ணாடித்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இதை வாங்கினது யாரு?"

"நான்தான் மேடம்" என்றான் மச்சான் பெருமையாக.

"பேப்பர்ல யார் பேரு?"

"அது... நான்" என்றார் பெயின்டர்.

"அப்ப நீங்கதான் சொந்தக்காரர். அவர் பேச வேணாம். உக்காருங்க. பெயின்ட் உருண்டை சுடறதா இருந்தாலும் சரி, பிளாஸ்டிக் குண்டு சுடற ஏர்சாஃப்ட்டா இருந்தாலும் சரி, எங்களுக்குச் சட்டம் ஒண்ணுதான். வேகத்தைச் சோதிச்சுப் பாத்தாச்சு. அளவுக்குள்ள இருக்கு. அதுல ஒண்ணும் இல்ல."

"அப்ப எடுத்துட்டுப் போலாமா மேடம்?"

"அவர் பேச வேணாம்னு சொன்னேன். பாக்க நிஜத் துப்பாக்கி மாதிரியே இருக்கு. அதான் கோளாறு. எதுக்கு இந்த மாடலை வரவழைச்சீங்க?"

பெயின்டர் மச்சானைப் பார்த்தார். மச்சான் வாயைப் பொத்திக்கொண்டே சொன்னான். "ஃபோட்டோல இதுதான் மேடம் நல்லா இருந்துச்சு."

"நல்லா இருக்கக் கூடாதுங்கறதுதான் சட்டம். இதைத் தூக்கிட்டு ஒருத்தன் பேங்குக்குள்ள போனா, பொம்மைன்னு யாருக்குத் தெரியும்? போலீஸ்காரர் நிஜம்னு நினைச்சுச் சுட்டுட்டா? அதனால மேல்பரப்புல பாதிக்குக் குறையாம பளிச்சுன்னு ஒரு கலர் இருக்கணும். எப்படித் திருப்பினாலும் தெரியணும். சுரண்டினா வரக் கூடாது. அப்படி இல்லாத எதையும் நீங்க வச்சிருக்கறதே குத்தம். அடுத்த வாரக் கடைசிக்குள்ள ஆகலைன்னா..."

சன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். இரும்பை நசுக்கும் மெஷின் ஒன்று வாயைத் திறந்துகொண்டு நின்றது. மச்சானுக்கு முகம் வெளுத்துவிட்டது.

ஆனால் பெயின்டர் சிரித்துக்கொண்டிருந்தார். "கலர் அடிக்கணும். அவ்வளவுதானே மேடம்?"

"அவ்வளவுதான்."

"நான் என்ன தொழில் பண்றேன்னு பேப்பர்ல பாத்தீங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டு, பெயின்டர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

சுடுகிற உறுப்பை எல்லாம் கழற்றி அலுவலகத்தில் வைத்துக்கொண்டு, வெறும் கூடுகளை மூடி முத்திரையிட்ட பெட்டியில் கொடுத்தார்கள். பட்டறையைத் தவிர வேறெங்கும் திறக்கக் கூடாது. பதினெட்டு வயதாகாதவர் தொடக் கூடாது. "தெருவுல கையில தூக்கிட்டு நடந்தீங்கன்னா, நான் வர மாட்டேன், வேற ஆளுங்க வருவாங்க" என்றும் சொல்லி அனுப்பினார் அந்த அம்மா.

அந்த வாரம் பட்டறைக்குள் வண்டி எதுவும் வரவில்லை. பெயின்டர் ஒவ்வொரு கூட்டையும் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்தார், முரட்டுத்தாள், அதற்குப் பிறகு சன்னத்தாள், கடைசியில் வெறும் உள்ளங்கை. பிரைமர் அடித்துக் காயவைத்தார். ஈரக்காற்று அடித்த இரண்டு நாளும் பெயின்ட் டப்பா மூடியைத் திறக்கவே இல்லை. ஈரத்தில் அடித்தால் பெயின்ட் வெளுத்துப்போகும் என்று வானத்தை முறைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். பிறகு ஆரஞ்சு கலந்தார். அதில் ஒரு சொட்டு மஞ்சள். குச்சியால் தொட்டு, பழைய டப்பா மூடியில் தடவி, வெயிலில் பார்த்து, நிழலில் பார்த்து, மறுபடியும் ஒரு சொட்டு. தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கினார். மச்சானுக்குக் கொடுத்த வேலை டீ வாங்கி வருவது. அதையும் வாசலோடு வைத்துவிட்டுப் போக வேண்டும். அக்கா ரொட்டியும் பொரித்த முட்டையும் கொண்டுவந்து கொடுத்தால், கையைக் கழுவினால் ஈரம் ஒட்டும் என்று ஊட்டிவிடச் சொன்னார்.

முடிந்தபோது எங்களைக் கூப்பிட்டார். சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு வேலையை நான் பார்த்ததில்லை. குழாய் முனையில் தீயாக இருந்த ஆரஞ்சு, நடுவில் வரும்போது பழுத்து, கனிந்து, சிவந்து, அப்படியே கறுப்புக்குள் இறங்கிப்போயிருந்தது. கங்கு அணைகிற மாதிரி. எங்கே முடிகிறது என்று சத்தியமாகச் சொல்ல முடியாது.

"என்ன சீட்டு? கோடு எங்கன்னு கண்டுபிடி பாப்போம்."

"தெரியலையே!" என்றேன்.

"தெரியாது" என்றார் பெயின்டர்.

மறுநாள் அதிகாரியம்மா பட்டறைக்கே வந்தார். முதல் துப்பாக்கியை எடுத்து மேஜையில் வைத்தார். கட்டம் போட்ட கண்ணாடித்தாளை அதன்மேல் விரித்தார். ஆரஞ்சுக் கட்டம் எத்தனை, கறுப்புக் கட்டம் எத்தனை என்று எண்ணுவதுதான் அவர் வேலை. முனையிலிருந்து விறுவிறுவென்று எண்ணிக்கொண்டு வந்தவர் நடுவில் நின்றுவிட்டார்.

"இந்தக் கட்டம் ஆரஞ்சா, கறுப்பா?"

பெயின்டர் குனிந்து பார்த்தார். "ரெண்டும் இல்ல மேடம். இதுலேருந்து அதுக்குப் போயிட்டிருக்கு."

"எதுல கணக்கு வைக்க?"

"உங்க இஷ்டம் மேடம்."

"என் இஷ்டத்துக்கு எண்ண முடியாதுங்க. இது எங்க முடியுதுன்னு விரல் வச்சுக் காட்டுங்க."

"முடியாது மேடம்."

"காட்ட முடியாதா?"

"இல்ல மேடம், அது முடியவே முடியாது. அப்படி ஒரு இடமே இல்ல. அதுதான் மேடம் வேலையே!"

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். கோபக்காரர் இல்லை. சட்டத்தை ஒழுங்காகச் செய்து முடித்துவிட்டுச் சாப்பிடப் போக வேண்டும் என்று நினைக்கிறவர், அவ்வளவுதான். என்னைக் கூப்பிட்டுத் துப்பாக்கியைக் கையில் கொடுத்து, பட்டறையின் கடைசி மூலையில் நிற்கச் சொன்னார். அவர் வாசலுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தார்.

"என்னங்க இது! முன்னாடி சாதா சிப்பாய் துப்பாக்கி மாதிரி இருந்துச்சு. இப்ப ஏதோ ராஜா வீட்டுக் காவல்காரன் துப்பாக்கி மாதிரி இருக்கு!"

"ரொம்ப நன்றி மேடம்" என்றார் பெயின்டர்.

"நான் பாராட்டலைங்க!" அந்த அம்மாவே தலையில் அடித்துக்கொண்டார். "அழகா இருக்கு, ஒத்துக்கறேன். எங்க வீட்டு வண்டியைக்கூட உங்ககிட்டயே விடறேன். ஆனா இது பாஸ் ஆகாது. எனக்கு ஒரு கோடு வேணும். இந்தப் பக்கம் ஆரஞ்சு, அந்தப் பக்கம் கறுப்பு. குருடன்கூடத் தடவிப் பாத்துச் சொல்லணும். நாளைக்குச் சாயந்தரம் வருவேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

அவர் போய்விட்டார். மச்சான் கீழே குந்தி, தரையில் காய்ந்துகிடந்த ஆரஞ்சுச் சொட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"ஒரு கோடுதானே, போட்டுடறேன் விடு மச்சான்" என்று பெயின்டர் எழுந்தார்.

மறுநாள் காலையிலிருந்து மத்தியானம்வரை அவர் பட்டபாட்டை நான் சுவர்மேல் எட்டியே பார்த்தேன், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. டேப்பை நேராக ஒட்டி அடிப்பார். டேப்பை உரிப்பார். வெட்டினாற்போல் கோடு நிற்கும். அதைப் பார்த்ததும் முகம் கோணும். கை தானாகப் போய்ச் சன்னத்தாளை எடுத்து அந்த ஓரத்தை லேசாக ஒரு தேய். "ஒரு தேய்தான்" என்று தனக்கே சொல்லிக்கொள்வார். அப்புறம் தேய்த்த இடம் மங்கலாயிற்றே என்று ஒரு தூவல். கோடு போயே போச்சு. மறுபடியும் டேப். மறுபடியும் தேய். கடைசியில் ஸ்பிரேயை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"வரலம்மா. எனக்கு அது வரல" என்றார் அக்காவிடம். அழுதுவிடுவார் போலிருந்தது.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அவனை அடிக்கச் சொல்லுங்க."

"யாரை?"

"எந்தம்பியைத்தான். ரோட்டைத் தாண்டித் தெரியுதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அதைத்தானே அந்தம்மாவும் கேக்கறாங்க!"

"என் பட்டறையிலயா? என் ஸ்பிரேயிலயா? யார் வேலைன்னு கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"மெஷின் வாயில போட்டு நசுக்கினப்புறம் என்னன்னு சொல்லுவீங்க? இங்க பாருங்க, உங்க வேலை பெருசுதான். யாரு இல்லைன்னா? ஆனா அவன் ஒரு தடவையாச்சும் ஜெயிக்கட்டுங்க. தோத்துத் தோத்து அவன் மூஞ்சி எப்படி ஆயிடுச்சுன்னு நீங்க பாக்கறதில்ல. நான் பாக்கறேன்."

 பெயின்டர் போய், ஸ்பிரேக்குக் காற்றுக் கொடுக்கும் கம்ப்ரஸரின் சுவிட்சைப் போட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டார். அதுதான் சம்மதம்.

அக்காவுக்குப் புத்தி அதிகம். தம்பியிடம் போய் 'மோசமா அடி' என்று சொல்லவில்லை. "மாமா உன்னை அடிக்கச் சொல்லிட்டார்டா" என்று மட்டும் சொன்னார். மச்சான் நம்பாமல் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். அவன் கண் கலங்கிவிட்டது. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த ஸ்பிரேயை இரண்டு கையாலும் எடுத்தான்.

எனக்குப் பகீரென்றது. இவன் உயிரைக் கொடுத்து நன்றாக அடிப்பானே!

உயிரைக் கொடுத்துத்தான் அடித்தான். நாக்கைக் கடித்துக்கொண்டு டேப் ஒட்டினான். காற்று அடித்துக்கொண்டிருந்தது, தரையில் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்பது ஞாபகமில்லை. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் மூன்று பூச்சுப் போட வேண்டிய இடத்தில், பாசத்தில் ஆறு பூச்சுப் போட்டான். டேப்பை ஈரத்தோடேயே உரித்தான். முடித்துவிட்டு, டாக்டர் கார் அன்று செய்ததுபோலவே, வெளியே வந்து எல்லோரையும் கூப்பிட்டான்.

பெயின்டர் படியிறங்கி வந்தார். பன்னிரண்டும் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தன. ஆரஞ்சு கண்ணைக் குத்தியது. ஒழுகி ஒழுகி அடியில் சொட்டுச் சொட்டாய்த் தொங்கிக் காய்ந்திருந்தது. தூசி மணல் மணலாக ஒட்டியிருந்தது. ஒன்றில் ஒரு கொசு முழுசாகச் செத்திருந்தது. கோடு என்றால் கோடா அது, வரப்பு. குருடன் என்ன, கையில் கையுறை போட்டிருந்தால்கூடத் தடவிச் சொல்லிவிடலாம்.

"எப்படி இருக்கு மாமா?"

பெயின்டர் வாயைத் திறந்தார். மூடினார். பெயின்ட் விஷயத்தில் அந்த மனிதர் ஜென்மத்தில் பொய் சொன்னதில்லை. அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரியுது மச்சான்" என்றார் கடைசியில். "நல்லா தெரியுது."

மச்சானுக்கு அது போதும். முகமெல்லாம் பல்.

சாயந்தரம் அதிகாரியம்மா வந்தார். வாசலிலேயே நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ஆஹா!" என்றார். கட்டத்தாளை விரித்து எண்ணினார். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. சாவியால் சுரண்டிப் பார்த்தார். ஆறு பூச்சு, அசையவில்லை.

"சட்டத்துல எழுதி வச்சிருக்கறதை அப்படியே கண்ணால பாக்கற மாதிரி இருக்கு! யாருங்க அடிச்சது?"

"நான்தான் மேடம்" என்றான் மச்சான்.

"நீங்களா? உங்களுக்கு நல்ல கை. இதை ஃபோட்டோ எடுத்துக்கறேன். கொண்டு வர்றவங்க எல்லாருக்கும் மாதிரிக்குக் காட்டலாம்." பிறகு பெயின்டர் பக்கம் திரும்பி, ஆறுதலாக, "நீங்களும் இவர்கிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கலாமே" என்றார்.

பெயின்டர் தின்னர் டப்பாவின் மூடியைத் திருகித் திருகி இறுக்கினார். அதற்கு மேல் அது இறுகாது.

மைதானம் பதிவாகியது. சுடும் உறுப்புகள் திரும்பி வந்தன. மச்சான் முட்டைப் பெட்டி, மீன் தொட்டி சகிதம் கிடங்குக்குக் குடிபோனான். மேனேஜரைச் சுட நிஜமாகவே கியூ நின்றது. பெயின்டர் முன்னறையில் காலை நீட்டிப் படுத்தார். ஒரு வாரம்தான். அப்புறம், வீடு ரொம்ப கம்முன்னு இருக்கிறது, தூக்கம் பிடிக்கவில்லை என்று என்னிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டார்.

துப்பாக்கி விஷயம் அதோடு முடிந்துவிடவில்லை. விளையாட்டில் தரையில் தேய்ந்து, சுவரில் உரசி, ஆரஞ்சு போய்க்கொண்டே இருக்கும். பாதிக்குக் கீழே போனால் வைத்திருப்பதே குற்றம். அதிகாரியம்மா சொல்லிவிட்டும் வருவார், சொல்லாமலும் வருவார். அதனால் மச்சான் அவ்வப்போது பூட்டிய பெட்டியோடு பட்டறைக்கு வந்து, எல்லாவற்றையும் மறுபடி அடித்துக்கொண்டு போவான். அந்த நேரத்தில் பெயின்டர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துகொள்வார். "அந்தப் பக்கம் பாத்தா எனக்கு நெஞ்சு அடைக்குது சீட்டு" என்பார். ஆனாலும் வாய் சும்மா இருக்காது. "தரைக்குத் தண்ணி தெளிடா", "கையை ஓட்டு, ஒரே இடத்துல நிக்காத" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பார். மச்சான் தலையாட்டிக் கேட்டுக்கொள்வான்.

அடுத்த மழைக்காலம் முடிந்து வெயில் திரும்பிய ஒரு மத்தியானம். "யோவ் சீட்டு, இங்க வாய்யா" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது. பதறிப்போய் ஓடினேன்.

பெயின்டர் கையில் ஒரு துப்பாக்கி. வெயிலுக்கு நேராகப் பிடித்திருந்தார். மச்சான் எதையோ உடைத்துவிட்டவன் மாதிரி ஓரமாக நின்றான்.

"கோடு எங்கன்னு கண்டுபிடி."

நான் குனிந்து பார்த்தேன். தலையைச் சாய்த்துப் பார்த்தேன். விரலால் தடவினேன். ஆரஞ்சு கனிந்து, சிவந்து, கறுப்புக்குள் இறங்கிப்போயிருந்தது.

"நீங்க அடிச்சதா?"

"நான் தொடவே இல்லய்யா. இவன் அடிச்சது."

"சாரி மாமா" என்றான் மச்சான். "கோடாத்தான் அடிச்சேன். ஓரம் கொஞ்சம் முரடா இருக்கேன்னு லேசா ஒரு தேய்தான் தேய்ச்சேன்."

பெயின்டர் அவனை இழுத்துத் தோளோடு அணைத்துக்கொண்டார். துப்பாக்கி இரண்டு பேர் நடுவிலும் மாட்டிக்கொண்டது.

"தெரியலடா மச்சான்" என்றார்.  "ஒண்ணுமே தெரியல. நாசமாப் போச்சு. உனக்கு வேலை வந்துடுச்சு."

அக்கா மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "கட்டிப் புடிச்சது போதும். நாளைக்கு மேடம் வர்றாங்க. இதை இப்படியே வச்சிருந்தா யார் ஜெயிலுக்குப் போறது?"

"இதை மட்டும் சுவத்துல மாட்டி வச்சுக்கிட்டா என்ன?" என்றார் பெயின்டர்.

"குத்தம் மாமா" என்றான் மச்சான். சட்டம் இப்போது அவனுக்கு மனப்பாடம். "வச்சிருக்கறதே குத்தம்."

பெயின்டர் துப்பாக்கியை மேஜைமேல் வைத்து, எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். டீ வந்தது. குடித்து முடிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்களும் பார்த்தோம். டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, டேப்புச் சுருளை எடுத்தார்.

மச்சான் கையை நீட்டினான். "குடுங்க மாமா, நானே கெடுத்துடறேன்."

"உனக்கு இனிமே வராதுடா" என்றார் பெயின்டர். சுவரிலிருந்து ஸ்பிரேயைக் கழற்றினார். மாடிப்படியை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தாம்மா. நீ வா."

அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கி வந்தார்.